பாராட்டுப் பெட்டி

கற்பகத்துக்கு அருவருப்பு கொஞ்சம் தூக்கல். டீயில் ஆடை மிதந்தால் டம்ளரைத் தொட மாட்டாள். பஸ் ஜன்னலில் யாரோ தலைசாய்த்துத் தூங்கிய எண்ணெய்க் கறை இருந்தால், சீட்டு காலியாகக் கிடந்தாலும் எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். "இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எவன்கூட குடித்தனம் நடத்தப் போறியோ" என்று அவள் அம்மா வாய்விட்டே புலம்பியதுண்டு. குடித்தனமெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருகிறவர், வந்ததும் காலைக் கழுவுகிறவர். வேறென்ன வேண்டும்?

எட்டயபுரத்துக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம் அவளுடையது. மழை தப்பினால் காட்டுப்பன்றி, பன்றி தப்பினால் விலை என்று ஏதாவது ஒன்று வந்து வாயில் மண்ணைப் போடும். அதற்குள்ளும் அப்பா அவளை என்ஜினியரிங் படிக்க வைத்தார். சென்னையில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு வந்ததற்குக் கல்யாணம் என்று ஊரில் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம், அந்த ஹாஸ்டல் குளியலறைச் சாக்கடைத் துவாரத்தில் அடைத்துக் கிடந்த பத்துப் பெண்களின் தலைமுடி. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளைப் பார்த்தால் நம்புவீர்கள்.

கோவில்பட்டியில் அவளுக்குக் கிடைத்த ஆபீஸ் பசுவந்தனை ரோட்டில், மோட்டார் வைண்டிங் கடைக்கு மாடியில் இருந்தது. கீழே செம்புக் கம்பியில் காயில் கட்டி வார்னிஷில் முக்கி எடுப்பார்கள். அந்த வாடை மாடிப்படி ஏறி, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து உள்ளே வரும். கம்பெனி செய்தது ஒரு மொபைல் ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டாரோடு மாட்டிவிட்டால் வீட்டிலிருந்தபடியே போனில் மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். அகால நேரத்தில் கரண்ட் வந்தால் பாம்பையும் தேளையும் மிதித்துக்கொண்டு கிணற்றுக்கு ஓட வேண்டியதில்லை. நல்ல சாமான்தான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் குறை வரத்தான் செய்யும். மிசின் என்றால் கோளாறு, ஆப் என்றால் தகராறு. விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் ஆப்பில் எழுதி அனுப்புகிற ஒவ்வொன்றும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓர் 'இஷ்யூ'வாக வந்து விழும். அதைப் படித்து, இது கருவிக் கோளாறா, சிக்னல் பிரச்சனையா, ஆப் பிரச்சனையா, அவசரமா, வெறும் பாராட்டா என்று பார்த்து ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளைப் பார்த்துத்தான் அது சரியான ஆளிடம் போகும். நான்கு வருஷமாக அந்த லேபிளை ஒட்டிக்கொண்டிருந்தது கற்பகம்தான்.

அது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்பது, அந்தப் பக்கத்து மனுஷர்கள் எப்படிக் குறை சொல்வார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்.

'வணக்கம் தாயி. நல்லாருக்கீயளா. ஆபீஸ்ல எல்லாரும் சொகமா. இங்கன சாமி புண்ணியத்துல எல்லாரும் சொகம். வேல்ராஜ் அண்ணாச்சி மாட்டிக் குடுத்த மிசின் தங்கமா ஓடுது. வயசான காலத்துல கெணத்துக்கு நடக்குத நட மிச்சம். உங்க பிள்ளகுட்டி நல்லாருக்கணும். ஒண்ணுமில்ல, சும்மாதான் எழுதுதேன். நேத்து சாயந்தரத்துல இருந்து மிசின்ல பொக வருது.'

புகை வருகிறதாம். அது கடைசி வரியில்! அதற்கு முன்னால் அத்தனை பூமாலை!

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஸ்டார்ட்டரை ஊர் ஊராகப் போய் விற்றவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை, வேல்ராஜ் போன்ற ஏஜென்ட்டுகள். கயத்தாற்றுப் பக்கம் பத்து ஊரில் வேல்ராஜ் ஒருத்தருக்கு மாமன், ஒருத்தருக்கு மச்சினன், ஒருத்தருக்குச் சம்பந்தி. சாமானைக் குறை சொன்னால் அது வேல்ராஜைக் குறை சொன்ன மாதிரி. அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டி வந்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, முதலில் பழம், கடைசியில் ஊசி. பெரிய கோளாறாக இருந்தால் இன்னும் பெரிய பழம்.

கற்பகம் இதையெல்லாம் ரசித்துப் படித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குக் குமட்டும். "விசயத்துக்கு வாங்கய்யா, விசயத்துக்கு" என்று கம்ப்யூட்டரிடம் பல்லைக் கடிப்பாள். பிள்ளைகுட்டியை விசாரிக்கிற வரிகளைக் கண்ணாலேயே தாண்டி வாலைப் பிடித்து லேபிளை ஒட்டுவாள். மரியாதை என்கிற பெயரில் இப்படி நெய்யை ஊற்றி ஊற்றி எதற்குப் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம்.

முதலாளி பூவனநாதன் ஒருநாள் கோயம்புத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். வரும்போது வாயில் 'ஆட்டோமேஷன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "கையால லேபிள் ஒட்டுததெல்லாம் கல்யாண வீட்டுல தாம்பூலப் பை போடுதவன் வேலை கற்பகம். உலகத்துல எவனும் இப்படிச் செய்யல" என்றார். நேற்றுவரைக்கும் அவளை அந்த வேலைக்கு வைத்திருந்தது வேறு யாரோ போல.

மிசினே படித்து மிசினே லேபிள் ஒட்டுகிற ஏற்பாட்டைச் செய்யக் காளிராஜ் வந்து சேர்ந்தான். கயத்தாற்றுப் பையன், பெங்களூரில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. கற்பகம் நான்கு வருஷமாக ஒட்டிய லேபிள்களை எல்லாம் மிசினுக்குப் பாடமாகக் கொடுத்தான். பாராட்டு என்று லேபிள் விழுந்தால் உடனே ஒரு நன்றிப் பதிலை அனுப்பிவிட்டு அந்த இஷ்யூவை மூடிவிடவும் சொல்லிக் கொடுத்தான். அதை ஆள் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவனுடைய எழுத்துத் தமிழ் பல்லைக் காட்டியதால், நன்றிப் பதிலைக் கற்பகம் எழுதிக் கொடுத்தாள். 'தங்கள் அன்புக்கு நன்றி. எங்கள் கருவியைத் தொடர்ந்து நம்பிக்கையோடு பயன்படுத்துங்கள்.' கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உதைத்தது. முழுசையும் படித்தால் மிசின் மெதுவாகிறது என்று, ஒவ்வொரு இஷ்யூவிலும் முதல் சில வரிகளை மட்டும் படிக்கும்படி காளிராஜ் வெட்டிவிட்டான்.

"தலைய மட்டும் படிச்சா எப்படி? விசயம் வால்லல்லா இருக்கும்" என்றாள் கற்பகம்.

"விசயம் முத வரியிலயே இருக்கும்க்கா. உலகம் பூரா அப்படித்தான் எழுதுதான்."

"உலகம் எழுதும். நம்மாளு எழுத மாட்டான்."

காளிராஜ் சிரித்தான். சிரிக்க அவனுக்கு என்ன யோக்கியதை? அரைநாள் லீவு கேட்க முதலாளி அறைக்குப் போனால், மழை பெய்யாததில் ஆரம்பித்து அவருடைய அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, காரின் மைலேஜைக் கேட்டு, கதவுவரை திரும்பி வந்துவிட்டுத்தான் "ஒண்ணுமில்ல சார்" என்று லீவை எடுப்பான். அவன்தான் உலகத்தைப் பற்றிப் பேசினான்.

கற்பகம் சொன்னது ஒரு தடவைதான். இரண்டாம் தடவை சொல்லவில்லை. இனிமேல் அந்த நெய் வடிகிற வரிகளைப் படிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அவளுக்கு அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. சனியன் விட்டது என்று வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

அப்புறம் ஆபீஸில் தேனும் பாலும் ஓடியது. வருகிற இஷ்யூவில் பாதிக்கு மேல் பாராட்டு என்று மிசின் கணக்குக் காட்டியது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? பூவனநாதன் கேக் வாங்கி வந்து வெட்டினார். வெட்டின கையாலேயே ஒவ்வொருத்தர் வாயிலும் ஊட்டிவிட்டார். கற்பகத்தின் முறை வந்தபோது அவர் விரலில் காளிராஜின் எச்சில் மினுங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் க்ரீமை அப்பிவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். கழுவி வந்த பிறகும் அந்த வனஸ்பதி வாடை சாயந்தரம் வரைக்கும் போகவில்லை.

கேக் வெட்டின வாரத்திலேயே ஸ்டார்ட்டருக்குள் ஓடுகிற நிரலில் ஒரு மாற்றம் செய்து எல்லாக் கருவிக்கும் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பிழை இருந்தது. போனில் நிறுத்திய மோட்டார், கரண்ட் போய்த் திரும்பி வந்தால், நிறுத்தியதை மறந்துவிட்டுத் தானாக ஓடியது. இது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. 'அவசரம்' என்ற லேபிளில் ஒன்றுமே வரவில்லையே!

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியில் வேளாண் கண்காட்சி ஒன்றில் கம்பெனி கடை போடுவதாக இருந்தது. பூவனநாதன் ஒரு சனிக்கிழமை காலையில் கற்பகத்தைக் கூப்பிட்டார். "பாராட்டுல நல்லதாப் பாத்துப் பத்து எடும்மா. ஃப்ளெக்ஸ்ல போடணும். உருக்கமா இருக்கணும், என்ன?"

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் பாராட்டுகளைத் திறந்தாள். ஃப்ளெக்ஸுக்கு வெட்டி எடுக்க வேண்டுமே என்று முதல் பாராட்டை முழுசாகப் படித்தாள். வாலில் புகார் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதை வாலிலிருந்தே படிக்க ஆரம்பித்தாள். வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எல்லாரும் வேல்ராஜையோ வேறு ஏஜென்ட்டையோ வாழ்த்திவிட்டு, கடைசியில் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். நிறுத்தின மோட்டார் தானாக ஓடுகிறது.

கயத்தாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து கடற்கரை என்பவர் மூன்று தடவை எழுதியிருந்தார். முதல் தடவை அளவான வாழ்த்து. மிசின் நன்றி சொல்லி மூடிவிட்டது. நாம் ஏதும் மனம் நோகும்படி எழுதிவிட்டோமோ என்று பயந்தாரோ என்னவோ, இரண்டாம் தடவை வாழ்த்து நீண்டிருந்தது. அதற்கும் நன்றி. மூன்றாவதில் ஆபீஸில் இருக்கிற எல்லாருக்கும், அவர்களுடைய ஆடுமாடுகளுக்கும்கூட நல்வாக்குச் சொல்லியிருந்தார். மனுஷன் பதற்றம் கூடக் கூட மரியாதையைக் கூட்டியிருக்கிறார். மரியாதை கூடக் கூட மிசினுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிருக்கிறது. அந்த மூன்றாவதன் கடைசி வரிகள் இவை.

'தொந்தரவுக்கு மன்னிக்கணும். வெள்ளிக்கெழம கெணத்துல தூர் எடுக்க ஆளு எறங்குதோம். போன்ல நிறுத்தினா போதுமா, இல்ல கரண்ட் வராம பீஸ் கட்டையப் பிடுங்கணுமா. பிடுங்குனா மிசின் கெட்டுப்போவும்னு பயமா இருக்கு. ஒரு வார்த்த சொன்னா அதுபடி செய்யுதோம்.'

கீழே, கற்பகம் எழுதிய பதில் இருந்தது. தொடர்ந்து நம்பிக்கையோடு பயன்படுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை நேற்றே போய்விட்டது. போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஒரு பெண் குரல் எடுத்தது. கடற்கரையின் மனைவி முத்துத்தாய்.

"கோயில்பட்டி ஸ்டார்ட்டர் ஆபீஸ்ல இருந்து பேசுதேன்க்கா."

"ஆத்தீ, ஆபீஸ்ல இருந்தா? நல்லாருக்கியா தாயி? சாப்பிட்டாச்சா? வேல்ராஜ் தம்பி சொகமா இருக்கா?"

"எல்லாரும் நல்லாருக்கோம். கெணத்துல எறங்குனாவளா?"

"எறங்குனாவ."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தாயி."

அந்த 'ஒண்ணுமில்ல'யைக் கேட்டதும் கற்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று நான்கு வருஷம் படித்தவள் அல்லவா அவள்.

"ஒண்ணுமில்ல. கரண்ட் போயிட்டு வந்துது. அவிய கெணத்து மேடையில மோட்டார் பக்கத்துல நின்னாவ. கையில துண்டு இருந்திச்சு. மோட்டார் ஓடி, துண்டு சுத்தி இழுத்து, வலது கையில ரெண்டு விரலு போயிட்டு. உசுருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. நீ மனசப் போட்டு ஒளப்பாத. நீங்கதான் நம்பிக்கையா ஓட்டுங்கன்னு பதில் போட்டிருந்தீய, அதான் பீஸ் கட்டையத் தொடல. மிசினு மேல குத்தமில்ல தாயி, எங்க நேரம்."

கற்பகம் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். உலகத்தில் எதையெல்லாமோ பார்த்து முகம் சுளித்திருக்கிறாள், அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கவே அவளுக்குச் சகிக்கவில்லை.

பூவனநாதன் விஷயத்தைக் கேட்டார். முதலில், "அய்யோ பாவமே" என்றார். அதை உண்மையாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மூச்சிலேயே கதவைச் சாத்தச் சொன்னார்.

"இங்க பாரு கற்பகம், பீஸ் கட்டையப் பிடுங்காம எவனாவது கெணத்து மோட்டார் பக்கத்துல நிப்பானா? அது அவங்க தப்பு. அந்த இஷ்யூவோட லேபிள மாத்தி 'பயனர் தவறு'ன்னு போட்ரு."

"அவிய கேட்டிருக்காவ சார். நாமதான் பயன்படுத்துங்கன்னு சொல்லிருக்கோம்."

"அது மிசின் சொன்னது."

"அந்த வார்த்த நான் எழுதுனது."

"சரி, இருக்கட்டும். பிழையத் திங்கக்கெழம சத்தமில்லாமச் சரி பண்ணிருவோம். அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணாத. நம்ம வாயாலயே கோளாறுன்னு சொன்னா நாளைக்கு அதுதான் சாட்சியா வந்து நிக்கும். கண்காட்சி வேற வருது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளை அவள் பார்த்திருக்கிறாள். மனுஷனுடைய விரலை லேபிளுக்குள் மறைக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் மேஜையில் கேக் வெட்டியபோது எடுத்த படம் சட்டம் போட்டு நின்றது. அவர் மேல் அடித்த சென்ட் வாடையும் கீழேயிருந்து வந்த வார்னிஷ் வாடையும் கலந்து அவளுக்கு மறுபடி குமட்டியது. சித்திரை மாதம். ஊர் ஊருக்குக் கிணறு தூர் வாருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் எத்தனை பேர் இறங்குவார்களோ!

வெளியே வந்து காளிராஜிடம் கடற்கரை எழுதிய மூன்று இஷ்யூவையும் காட்டினாள். அவன் வால்வரை படித்தான். கயத்தாற்றுப் பையன் அல்லவா, அந்த ஊர் அவனுக்குத் தெரிந்த ஊராக இருந்தது. எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகிற வசதி அவன் கையில்தான் இருந்தது.

"என்ன எழுதணும்னு சொல்லுங்கக்கா" என்றான்.

அவள் சொன்னாள். அவன் அடித்தான். 'எங்கள் ஸ்டார்ட்டரில் கோளாறு. போனில் நிறுத்தினாலும் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். இப்போதே பீஸ் கட்டையைப் பிடுங்குங்கள். பிடுங்கினால் மிசின் கெடாது. தப்பு எங்களுடையது.'

செய்தி போனதும் ஏஜென்ட்டுகள் பூவனநாதனுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தார்கள். அறைக்குள் அவர் கத்துவது கேட்டது. "ஒரு வணக்கம்கூடப் போடாம எவ இப்படி மொட்டையா அனுப்புனது?" கற்பகம் தன் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டாள். வேலையை விட்டாளா, அவர் விரட்டினாரா என்று பின்னால் ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் கீழே இறங்கியபோது யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் பினாயிலும் மூத்திரமும் கலந்த நெடி. சாதாரணமாக அவள் வாசலோடு திரும்பியிருப்பாள். கடற்கரை ஐம்பது தாண்டிய, வெயிலில் வற்றிய மனுஷர். யார் வந்திருக்கிறார்கள் என்று முத்துத்தாய் சொன்னதும், கட்டுப் போட்ட கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வந்த பிள்ளை அதைப் பார்த்துச் சங்கடப்படக் கூடாதாம்.

"வாங்க தாயி. பஸ்ஸு கூட்டமா? அந்தப் பிள்ளைக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு" என்றார் மனைவியிடம். உளுந்துக்கு இந்த வருஷம் என்ன விலை போகும், அவள் சொந்த ஊர் எது, அங்கே மழை உண்டா, அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முத்துத்தாய் கொண்டுவந்த காப்பியில் ஆடை மிதந்தது. கற்பகம் அதைக் குடித்தாள்.

"என்னைய ஒரு வார்த்த ஏசுங்க அண்ணாச்சி" என்றாள். "ஏசிருங்க."

"உங்கள எதுக்கு ஏசணும்? நல்லாருக்கட்டும். ஆபீஸ்ல எல்லாரும் நல்லாருக்கட்டும்."

அவர் இடது கையால் சாத்துக்குடிப் பையைத் தலைமாட்டில் நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? மூணு தடவ எழுதுனேனே. மூணையும் பிள்ளைககிட்ட ஒவ்வொரு எழுத்தாச் சொல்லி அடிக்கச் சொன்னேன். அங்கன ஒருத்தருமா படிக்கல?"

"படிக்கல" என்றாள் கற்பகம்.

கடற்கரை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.